உள்ளே மடித்த கொக்கி

எண்ணெய் முப்பத்தொன்றில் இருந்தது. நாற்பது டிகிரியைத் தொட்டால்தான் அது தள்ளுகிற பூகம்ப மேடை அசையும். அதுவரை அமைச்சரே வந்து கெஞ்சினாலும் அசையாது. குளிர்ந்த எண்ணெயை வைத்துக்கொண்டு பூகம்பம் செய்ய முடியாது என்பது, பதினாறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரமே சுபாஷிணிக்குத் தெரிந்துபோன விஷயம். பூகம்பத்தைக்கூட அடுப்பில் ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று அன்றைக்குச் சிரித்தாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரும்பு மேடைமேல் போல்ட் போட்டு முறுக்கி, பாதி அளவுப் பள்ளிக்கூடம் ஒன்று நின்றது. இரண்டு தளம், நாலு தூண், தளத்துக்கு ஒரு வகுப்பறை. விரிசல் விட்டால் பளிச்சென்று தெரியட்டும் என்று சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதனாலேயே அது பால் காய்ச்சக் காத்திருக்கிற புது வீடு மாதிரி இருந்தது. பிள்ளைகளுக்கும் பெஞ்சுகளுக்கும் பதிலாக மணல் மூட்டைகள். சரிந்தால் பிடித்துக்கொள்ள மேலிருந்து கிரேன் சங்கிலிகள் தொய்வாகத் தொங்கின. பம்புகளின் இரைச்சல் தரை வழியாக ஏறி அவளுடைய கடைவாய்ப் பற்களில் வந்து நின்றது. இதே வரைபடத்தை வைத்துக் கடலோரமாக முந்நூற்று நாற்பது பள்ளிக்கூடங்கள் கட்டியிருக்கிறார்கள். அத்தனைக்கும் சேர்த்து இது ஒன்று பதில் சொல்லியாக வேண்டும். பெரிய அதிர்வில் இது உடைந்தால் முந்நூற்று நாற்பதிலும் தூண்களைப் பலப்படுத்துகிற வேலை தொடங்கும். உடையாமல் நின்றால் கோப்பை மூடிவிடுவார்கள். மூடுகிற ஆசையோடு துறையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து, கட்டுப்பாட்டு அறையின் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்துக்கு முன்புவரை எல்லாம் முறைப்படிதான் இருந்தது.

பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் செல்லக்கண்ணு மேஸ்திரி அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். போட்டது அவருக்கே தெரியாது. தான் கம்பி கட்டிய கட்டிடத்தை ஆட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடலோரத்து ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். தலைக்கவசம் மட்டும் ஆய்வுக்கூடத்துடையது, காதுவரை இறங்கியிருந்தது. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் ரகசியம் சொல்கிறவர்போலக் கிட்டே வந்தார்.

“மேடம், நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. அதுக்கு ஒண்ணும் ஆவாது.”

“எதுக்கு மேஸ்திரி?”

“கட்டடத்துக்குத்தான். நீங்க குடுத்த படத்துல ரிங்கு கொக்கிய நேரா மடிக்கச் சொல்லிப் போட்டிருந்துச்சி. நம்ம மேடம் இப்பிடிப் போட மாட்டாங்களே, கீழ யாரோ தப்பா வரைஞ்சிட்டாங்கன்னு பாத்தவொடனே தெரிஞ்சிப்போச்சி. உங்க பேரு கெடக் கூடாதுல்ல? நூத்தி இருபத்தெட்டு ரிங்கையும் நானே ஒக்காந்து, கொறடு வச்சி, உள்ளாற மடிச்சிட்டேன். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே.”

அவள் ‘ஓ’ என்றாள். வேறு என்ன சொல்வது? அந்த முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. டம்ளர் நிரம்பிக் கையில் வழிந்தது, குழாயை மூடவேண்டும் என்று தோன்றவில்லை, அவர்தான் எட்டி மூடினார். பிறகு எப்படிக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து உட்கார்ந்தாள் என்பது நினைவில்லை.

முப்பத்திரண்டு. படம் தப்பில்லை, மேஸ்திரி. படம் வேண்டுமென்றே அப்படிப் போட்டது. தூணுக்குள் நிற்கிற கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையம்தான் ரிங். அதன் இரண்டு நுனியையும் தூணின் வயிற்றுக்குள் போகும்படி மடித்துவிட்டால் எவ்வளவு ஆட்டினாலும் பிடித்துக்கொள்ளும். தூணின் ஓரத்தோடு ஒரு திருப்பு நேராகத் திருப்பிவிட்டு நிறுத்திக்கொண்டால், பூச்சு உதிர்ந்த அடுத்த நொடி வாயைப் பிளந்துவிடும், உள்ளே நிற்கிற கம்பி வெளியே பிதுங்கும், மேல்தளம் அப்படியே உட்காரும். அவ்வளவுதான் விஷயம், விரல் நீளத்துக் கம்பியை எந்தப் பக்கம் மடிக்கிறோம் என்பதுதான். இதை ஐந்து வருஷத்துக்கு முன்னால் கம்பி கட்டுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்து அவளே சொல்லிக்கொடுத்தாள். நூற்றி முப்பத்தைந்து டிகிரி என்று பலகையில் எழுதினால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில் எரிச்சலோடு, “வேட்டியச் சும்மா சுத்திக்கிட்டு நடந்தா நிக்குமா? நுனிய உள்ள செருகணும்ல?” என்று கேட்டுவிட்டாள். ஒரு பொம்பளை வேட்டி கட்டச் சொல்லிக்கொடுக்கிறாளே என்று கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது, அதற்கப்புறம் ஒருவரும் மறக்கவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து அதிகமாகச் சிரித்தவர் செல்லக்கண்ணு. வகுப்பு முடிந்ததும் கம்பித் துண்டு ஒன்றை எடுத்து மடித்துக் காட்டி, இப்படியா, இப்படியா என்று நாலு தரம் கேட்டார். அப்போது எவ்வளவு சந்தோஷப்பட்டாள். நூற்றி இருபத்தெட்டு ரிங். பாதி அளவுக் கட்டிடம், கம்பியும் மெல்லிசு, அதைக் குறட்டால் உள்ளே திருப்புவது தையல் வேலை மாதிரி கண்ணைக் கெடுக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் கிழிந்திருக்கும். அவளுக்காகக் கிழித்துக்கொண்டிருக்கிறார்.

முப்பத்துநாலு ஆகிவிட்டது, எண்ணெய்க்கு இன்றைக்கு என்ன அவசரமோ. மற்ற நாட்களில் ஒரு டிகிரி ஏற ஒரு யுகம் ஆகும். உண்மையான பள்ளிகளில் போய்ப் பார்க்கவில்லையா அவள்? பதினோரு பள்ளிகளில் தூணின் மூலையை உளி வைத்துத் திறந்து பார்த்தார்கள். தலைமை ஆசிரியர்கள் எல்லாம் பதறிப்போய், ஏம்மா நல்லா இருக்கிறதை உடைக்கிறீங்க என்று சண்டைக்கு வந்தார்கள். பதினொன்றில் பதினொன்றும் நேர் கொக்கி. ஒன்றாவது உள்ளே மடித்திருக்காதா என்று மாவட்டம் மாவட்டமாகத் தேடினாள், இல்லை. அதனால்தான் இந்த மாதிரிக் கட்டிடத்திலும் நேராகவே மடிக்கச் சொல்லி வரைந்தாள். நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்க அனுப்பினால், பாவமாயிருக்கிறதே என்று வழியில் யாரோ நல்ல ரத்தத்தை மாற்றி வைத்துவிட்டார்கள். சோதனையில் ஒன்றுமில்லை என்றுதான் வரும், நோயாளி வீட்டுக்குப் போவான். வடக்கே ஒரு நிலநடுக்கத்துக்கு அப்புறம், ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, அளவெடுக்கப் போயிருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தின் மேல்தளம் கீழ்த்தளமாகியிருந்தது. இரண்டு தளத்துக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. அந்த ஒரு முழத்தின் ஓரத்தில் தூணின் தலை பிளந்து, ரிங்குகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நின்றன. அவற்றை எண்ணினாள். பதினேழு. எதற்காக எண்ணினாள் என்று இன்றுவரை தெரியாது, எண்ணாவிட்டால் அந்த ஒரு முழத்துக்குள் பார்க்க வேண்டியிருந்திருக்கும், அதனால்தான் எண்ணியிருப்பாள். அந்த இடத்தில் சுண்ணாம்பு வாசனை அடித்தது. இங்கேயும் அடிக்கிறது. கண்ணாடியை மீறி வருமா வாசனை? வராது. ஆனாலும் அடித்தது.

“என்ன சுபா, முகத்துல ஈயாடலையே?” வைத்தியலிங்கம் சார் பின்னால் வந்து நின்றார். ஆய்வுக்கூடத்தின் இயக்குநர், மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், இதுதான் கடைசிச் சோதனை. “எத்தனை பார்த்தாச்சு, இதுக்குப் போயி டென்ஷனா?” என்று சொல்லிவிட்டு அதிகாரியின் பக்கம் நகர்ந்தார். சொல்லியிருக்கலாம். அந்த இடைவெளியில் இரண்டு வார்த்தை போதும். திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏனென்றால் சொன்னால் அடுத்த கேள்வி, கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ரிங்கைச் சரிபார்த்தது யார் என்பதுதான். சரிபார்ப்புத் தாளில் கையெழுத்து இருக்கிறது. அவளுடையதுதான். அன்றைக்குக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது, தாளை மேசைக்கே கொண்டுவந்து நீட்டினார்கள், கம்பிக் கூண்டு கட்டி நிறுத்தியிருக்கிற இடம் நாற்பது அடி தூரம்தான், எழுந்து போயிருக்கலாம். செல்லக்கண்ணு கட்டினால் தப்பு இருக்காது என்று கையெழுத்துப் போட்டாள். நம்பிக்கையில்தான் போட்டாள், அலட்சியத்தில் இல்லை என்று யாரிடம் சொல்வது? நம்பினாளாம். பார்க்காததற்கு எவ்வளவு அழகான பெயர். தப்பும் இருக்கவில்லை, பார், அதுதான் கொடுமை. ஒரு தப்பும் இல்லாமல் கட்டியிருக்கிறார்.

முப்பத்தாறு. ஓடட்டும் என்று விட்டுவிட்டால் என்ன? ஓடட்டும், நிற்கட்டும், கைதட்டட்டும், அதன் பிறகு அறிக்கையில் எழுதலாம்: ‘மாதிரிக் கட்டிடத்தின் ரிங் அமைப்பு களத்தில் உள்ளதிலிருந்து வேறுபட்டிருந்தது.’ அடிக்குறிப்பாக. எட்டாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? எழுதுகிறவரே இரண்டாம் தரம் படிப்பதில்லை. அந்த அதிகாரி கண்ணால் பார்த்துவிட்டுப் போவார். ஆட்டிப் பார்த்தோம், அசைக்க முடியவில்லை, நானே முன்வரிசையில் இருந்தேன் என்பார். வீடியோ எடுக்கிறார்கள், நாலு கேமரா. அந்த வீடியோ போகாத இடமெல்லாம் போகும். பார்த்ததை அடிக்குறிப்பால் அழிக்க முடியாது. ஒருவேளை உள்ளே மடித்தும் உடைந்துவிட்டால்? அப்படி ஒரு வழி இருக்கிறதா? கான்கிரீட் மோசமாக இருந்து, சுவர் சதி செய்து, தூண் வேறு எங்காவது வெடித்து… சீ, எதற்காக வேண்டிக்கொள்கிறாள்? ஒரு கட்டிடம் விழவேண்டுமென்று. அதுவும் அந்த மனுஷன் வந்து நின்று பார்க்கும்போது. அப்படியும் அது விழாது, அவளுக்குத் தெரியும், அவள்தான் கணக்குப் போட்டவள். உள்ளே மடித்தால் எத்தனை ஆட்டம் தாங்கும் என்று அந்த வகுப்பில் பலகையில் எழுதியதும் அவள்தான். நேற்று விட்ட சின்ன அதிர்வுகளில் கொக்கி எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. பெரிய ஆட்டத்தில் பூச்சு உதிர்ந்தால்தான் தெரியும். ஆகவே இந்த அறையில் இது தெரிந்த ஒரே ஆள் அவள். வெளியே, தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், இன்னொருவர். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். சொன்னாலும் பெருமையாகத்தான் சொல்வார்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்பது வேறு. அதுதான் நிஜமான முள்ளோ? கையெழுத்து, கூட்டம், விசாரணை எல்லாம் வரட்டும், அரசாங்க வேலையில் அதெல்லாம் நடக்கிறதுதான், ஒரு பதவி உயர்வு போகும், போகட்டும். ஆனால் மேஸ்திரியிடம் போய், நீங்கள் சரியாகச் செய்ததால் எல்லாம் கெட்டுப்போயிற்று என்று எந்த வாயால் சொல்வது? பதினாறு வருஷத்தில் அவள் சொன்னதை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? ஒப்பந்தக்காரர்கள் தலையாட்டினார்கள், மறந்தார்கள். பொறியாளர்கள் சான்றிதழ் வாங்கினார்கள், மறந்தார்கள். ஒரே ஒரு மனிதர் கேட்டு, மனதில் வைத்து, அவளுடைய எழுத்தையே எதிர்த்து அவள் சொன்னதைக் காப்பாற்றியிருக்கிறார். கண்ணில் நீர் முட்டியது, திரையைப் பார்க்கிறவள்போலக் குனிந்துகொண்டாள். முப்பத்தெட்டு. பம்பு நின்றுவிடக் கூடாதா? மின்சாரம் போகக் கூடாதா? தேவையில்லாதபோது நாளைக்கு மூன்று தரம் போகிற மின்சாரம். ஒரு குழாய் கசிந்தால் போதும், இன்றைக்குத் தப்பித்துவிடலாம், சாயங்காலம் தனியாகச் சாரைப் பார்த்து மெதுவாகப் பேசலாம். கண்ணாடிக்கு வெளியே செல்லக்கண்ணு யாரோ ஒரு காவலாளியிடம் தூணைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். விரலை மடித்து மடித்துக் காட்டினார். உள்ளே, உள்ளே.

முப்பத்தொன்பது. நாற்பது.

“வந்திடுச்சு மேடம்,” என்றான் பஷீர். அவன்தான் மேடையை ஓட்டுகிறவன். சங்கு ஒருதரம் ஊதியது. ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு, வைத்தியலிங்கம் சார் கொண்டுவந்தது. விசையைத் தட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பொறுப்பையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவரவர் வாய்விட்டுச் ‘சரி’ என்று சொல்லவேண்டும், தலையாட்டினால் போதாது. யாராவது ‘நில்’ என்றால் நிறுத்திவிடவேண்டும், காரணம் பிறகுதான் கேட்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ‘நில்’ என்று சொன்னவர்கள் இரண்டு பேர், இருவரும் கிரேன்காரர்கள். பஷீர் ஆரம்பித்தான். கேமரா? சரி. கிரேன்? சரி. எண்ணெய்? சரி. ஆட்கள் வெளியேறியாச்சா? சரி. ஒவ்வொரு சரியும் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம்போல அவளுக்குக் கேட்டது. அதிகாரி கால்களை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஒரு முழம் இடைவெளி. பதினேழு. எட்டாம் பக்கம். சரி என்பது எவ்வளவு சின்ன வார்த்தை, உதடு ஒட்டக்கூட வேண்டாம், மூச்சு விட்டாலே வந்துவிடும்.

“கட்டிடம்?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாய்க்குள் அது வந்துவிட்டது, பல்லுக்குப் பின்னால் நின்றது.

“மேடம், கட்டிடம்?”

“நில்,” என்றாள்.

பஷீர் கையை எடுத்துவிட்டான். பம்பு மட்டும் இரைந்துகொண்டிருந்தது. வைத்தியலிங்கம் சார் வழக்கத்தை மீறவில்லை, மூன்று மூச்சு பொறுத்துவிட்டுத்தான் கேட்டார். “என்னம்மா?”

“சார், நம்ம ஸ்கூல் இது இல்ல. நாம கட்டச் சொன்னதும் இது இல்ல. ரிங் எல்லாம் உள்ள மடிச்சிருக்கு. இது நல்ல கட்டிடம்.”

“நல்ல கட்டிடம்னா நல்லதுதானேம்மா?” என்றார் அதிகாரி, பிஸ்கட்டைக் கீழே வைக்காமல்.

“இது நிக்கும் சார். இதப் பாத்துட்டு நீங்க போயி, அந்த முந்நூத்தி நாப்பதும் நிக்கும்னு எழுதிடுவீங்க. அது ஒண்ணுலயும் இப்படி இல்ல.” நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். “ரிங்கைப் பாக்காமலேயே பாத்தேன்னு கையெழுத்துப் போட்டது நான்தான். மேஸ்திரி மேல எந்தத் தப்பும் இல்ல.”

வைத்தியலிங்கம் சார் அவளையே பார்த்தார். கோபமா, வருத்தமா, மாதக் கடைசியின் கணக்கா, அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு திரும்பி, “பஷீர், பம்பை நிறுத்துப்பா,” என்றார். இரைச்சல் இறங்கி இறங்கி அடங்கியபோது பற்களிலிருந்து என்னவோ கழன்ற மாதிரி இருந்தது. இதை இப்படியே வைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் இன்னொன்று கட்டி இரண்டையும் ஒரே ஆட்டம் ஆட்டலாம் என்று அவள் சொன்னாள். அதிகாரி நேரத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். சார் அவருடைய முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். போகும்போது, “கையெழுத்தைப் பத்தி எழுதிக் குடு,” என்று மட்டும் அவளிடம் சொன்னார்.

செல்லக்கண்ணு கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஆட்டாமலே நிறுத்திவிட்டார்கள் என்பது வரைக்கும் புரிந்திருந்தது.

“நான் எதுனா தப்புப் பண்ணிட்டனா மேடம்?”

“இல்ல மேஸ்திரி. நீங்க சரியாப் பண்ணீங்க. நான் தப்பாப் பண்ணச் சொல்லியிருந்தேன். வேணும்னேதான் சொல்லியிருந்தேன்.” அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட முடிந்தது, ஆச்சரியமாக இருந்தது. “இப்ப இருக்கிற ஸ்கூலெல்லாம் நேராத்தான் மடிச்சிருக்கு. அது ஆட்டத்தத் தாங்குமான்னு பாக்கத்தான் இத்தனையும். இன்னொண்ணு கட்டணும் மேஸ்திரி. முன்னாடியெல்லாம் எப்படி மடிப்பீங்களோ, அப்படியே மடிச்சுத் தரணும்.”

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தினார். சுபாஷிணி அதைப் பார்த்தாள், ஒரு நினைப்பு அவருக்குள் இறங்குவது அப்படியே தெரிந்தது.

“எங்க ஊரு ஸ்கூலு இதே படம்தான் மேடம். ரெண்டு மாடி. பன்னெண்டு வருசம் ஆவுது, அதுக்கு நான்தான் கம்பி கட்னேன். உங்க கிளாசுக்கு வர்றதுக்கு முந்தி.” குறடு பிடித்துக் காய்த்துப்போன விரல்களை விரித்து ஒருதரம் பார்த்துக்கொண்டார். “அதுல ஒண்ணுகூட உள்ளாற மடிக்கல. நிக்குமா?”

நிற்கும் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது. “தெரியல மேஸ்திரி. அதத் தெரிஞ்சிக்கத்தான் கட்டணும்.”

“எம் பொண்ணு அங்கதான் மேடம் டீச்சரு. மாடியில, மூணாம் கிளாசு.” சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால். செவ்வாய்க்கிழமை. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், மகளின் பெயர்வரை தேடிப் போனார், அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, என்ன சொல்லணும் என்று கேட்கிறவர்போல அவளை நிமிர்ந்து பார்த்தார்.